விரலும் வால்வும்

(மைசூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சாமுண்டி மலைக்கு ஏறிச் செல்லும் ஆயிரம் படிகளையும், மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே பக்தர்கள் எண்ணிச் செல்வது உங்களுக்குத் தெரியும். இந்த நகரத்தில் நாற்பது ஆண்டுகள் வைத்தியம் பார்த்த நான் அதே படிகளை வேறொரு கணக்குக்காக எண்ணப் பழகினேன். மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிற ஒரு பெண்ணிடம், எத்தனை நாளாக என்று கேட்டால் சரியான விடை கிடைக்காது. எவ்வளவு தூரம் நடந்தால் என்று கேட்டாலும் கிடைக்காது. ஆனால், ஆஷாட வெள்ளிக்கிழமைக்கு மலை ஏறினாயா அம்மா, எந்த இடத்தில் உட்கார்ந்தாய் என்று கேட்டுவிட்டால் போதும், ‘போன வருஷம் நந்தி வரைக்கும் நிற்காமல் போனேன் டாக்டரே, இந்த வருஷம் நூறு படியிலேயே ஏதுசிரு (மூச்சிரைப்பு) வந்துவிட்டது’ என்று, தமிழும் கன்னடமும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து வாழும் இந்த ஊர்ப் பேச்சிலே, அவள் தன் இருதயத்தின் சரித்திரம் முழுவதையும் சொல்லிவிடுவாள். ஏறத்தாழ எழுநூறாவது படியருகே வீற்றிருக்கும் அந்தக் கல் நந்தி, எத்தனையோ இருதய வால்வுகளுக்கு எனக்கு அளவுகோலாக இருந்திருக்கிறது.

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ரோபாட் என்னும் யந்திரத்தின் துணைகொண்டு, மார்பெலும்பைப் பிளக்காமல், சிறு துளைகளின் வழியே இருதய வால்வைச் செப்பனிடும் சஸ்திர சிகிச்சை. யந்திரத்தைப் பற்றியே நேரடியாகத் தொடங்கிவிடலாம். அதன் கரங்களையும் கண்ணாடிகளையும் வர்ணித்து உங்களை வியக்க வைப்பதும் கடினமன்று. ஆயினும், அந்த யந்திரம் எதற்காகப் பிறந்தது, எதை நமக்குக் கொடுத்தது, எதை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், ரோபாட்டைப் பற்றிப் பேசுமுன் மனித விரலைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கட்சி. மைட்ரல் வால்வின் சிகிச்சைச் சரித்திரம் முழுவதும், நோயாளியின் இருதயத்துக்குள்ளே நுழைந்த விரல் எப்படிச் சிறிது சிறிதாக வெளியே வந்தது என்ற ஒரே கதைதான்.

முதலில் அந்த வால்வைச் சற்றுப் பார்ப்போம். இருதயத்தின் இடப்புறத்தில், நுரையீரலிலிருந்து சுத்த ரத்தம் வந்து சேரும் மேலறைக்கும், அதைச் சரீரம் முழுவதற்கும் தள்ளும் கீழறைக்கும் நடுவிலே, மெல்லிய இரண்டு இதழ்களாலான ஒரு கதவு இருக்கிறது. கிறிஸ்தவ மேற்றிராணியார்கள் தலையில் அணியும் ‘மைட்டர்’ என்னும் இரட்டைக் கூம்பு முடியை ஒத்திருப்பதால் அதற்கு மைட்ரல் வால்வு என்று பெயர். அந்த இதழ்களின் விளிம்பிலிருந்து நூல் போன்ற வெண்ணிற நாண்கள் புறப்பட்டு, கீழறையின் சுவரில் முளைத்திருக்கும் தசைத் தூண்களிலே கட்டுண்டிருக்கின்றன. கீழறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது, கதவு மேலறைப் பக்கம் புரண்டு போகாதபடி இழுத்துப் பிடிப்பவை அந்த நாண்களே. ஆரோக்கியமான மனிதரிடத்தில் இந்தக் கதவு திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை வழி விடுகிறது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. இதற்கு நேரக்கூடிய கேடுகள் இரண்டு. இதழ்கள் ஒட்டிக்கொண்டு வழி சுருங்கிப்போகலாம். அல்லது இதழ் தளர்ந்தோ நாண் அறுந்தோ, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியலாம். சுருக்கம், கசிவு என்னும் இந்த இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் யாருக்கு எந்தச் சிகிச்சை என்ற கேள்வி முழுவதும் இவ்விரண்டின் வேற்றுமையிலேதான் தங்கியிருக்கிறது.

நம் நாட்டில் இந்த வால்வைக் கெடுக்கும் பெரும் பகைவன் இருதயத்திலே பிறப்பதில்லை. ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஒரு குழந்தையின் தொண்டையிலே பிறக்கிறான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டை புண்ணாகி, சரியான மருந்தில்லாமல் அது தானே ஆறிப்போன பிறகு, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, அந்தக் கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட சரீரத்தின் காவற்படை, பகைவனுக்கும் சொந்த வீட்டுக்கும் வேற்றுமை தெரியாமல் மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்கத் தொடங்குகிறது. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் சுவடு தெரியாமல் வடிந்துவிடும். வால்வின் இதழ்களிலே விழுந்த வடு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டே வரும். மேல்நாட்டுப் புத்தகங்களில் இந்தச் சுருக்கம் நடுவயதின் வியாதியாக எழுதப்பட்டிருந்த காலத்தில், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சுஜய் ராயும், பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ராமலிங்கசுவாமியும், அவர்களுடைய சகாக்களும் 1963இல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை, இந்தியாவில் இருபது வயது நிரம்பாத பிள்ளைகளிடத்திலேயே வால்வு இறுகிவிடுகிறது என்று உலகுக்கு எடுத்துக்காட்டியது. நெருக்கமான வீடு, ஒரே பாயில் நாலைந்து பிள்ளைகள், மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய தாய், இவை சேர்ந்த இடத்தில் இந்த நோய் வேர் பிடிக்கிறது. மருத்துவக் கல்லூரியில் நான் படித்த பாடங்களுள், ஏழ்மை என்பது ஒரு மனிதனின் உடம்புக்குள்ளே எந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டியது வேறொன்றுமில்லை.

இனி விரலின் கதைக்கு வருகிறேன். 1923ஆம் ஆண்டு மே மாதத்தில் பாஸ்டன் நகரத்திலே எலியட் கட்லர் என்பவர், வால்வு இறுகிப் படுத்த படுக்கையாகிவிட்ட பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் துடிக்கும் இருதயத்தில் கத்தியைச் செலுத்தி இதழ்களை வெட்டினார். சிறுமி பிழைத்தாள், நாலு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தாள். ஆனால் அவரிடம் அடுத்து வந்தவர்கள் பிழைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து லண்டனிலே ஹென்றி சூட்டர், கத்தியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஓர் இளம்பெண்ணுடைய இருதயத்தின் இட மேலறையிலே காது போல் தொங்கும் ஒரு சிறு பையைத் திறந்து, அதன் வழியே தம் சுட்டுவிரலை உள்ளே நுழைத்து, வால்வைத் தொட்டுப் பார்த்தார். கண் காணாத அந்த இடத்தில், வழி எவ்வளவு சுருங்கியிருக்கிறது, ரத்தம் எவ்வளவு பின்னோக்கி வருகிறது என்பதையெல்லாம் விரல் அவருக்குச் சொல்லிற்று. அந்த இளம்பெண் குணமடைந்து வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு எந்த மருத்துவரும் தம் நோயாளியை அவரிடம் அனுப்ப இசையவில்லை. சரியான வழியைக் கண்டுபிடித்துவிட்ட ஒரு மனிதர், அந்த வழியில் இரண்டாவது அடி எடுத்து வைக்க அனுமதிக்கப்படாமலே தம் தொழிற்காலத்தைக் கழிக்க நேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. அந்த இடைவெளியில் எத்தனை பேர் மூச்சுத் திணறி மாண்டிருப்பார்கள்!

இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்துத்தான் கதவு மறுபடி திறந்தது. 1948 ஜூன் 10ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் சார்ல்ஸ் பெய்லி, அன்று காலையில் ஒரு மருத்துவமனையில் ஒரு நோயாளியை இழந்துவிட்டு, இனித் தமக்கு அனுமதி மறுக்கப்படும் என்று அறிந்தவராய், அந்தச் செய்தி பரவுமுன்னே மற்றொரு மருத்துவமனைக்கு விரைந்து, இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்திக்கு விரலாலும் சிறு கத்தியாலும் வால்வைத் திறந்தார். அவள் பிழைத்தது மட்டுமன்று. ஒரு வாரத்தில் அவளை ரயிலேற்றிச் சிக்காகோவுக்கு அழைத்துச் சென்று மருத்துவர்களின் சபையிலே நிறுத்திக் காட்டினார். ஆறு நாட்கள் கழித்து பாஸ்டனில் டுவைட் ஹார்க்கனும், அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில் ரஸ்ஸல் பிராக்கும் இதே வெற்றியைக் கண்டார்கள். பெய்லியின் துணிவைப் போற்றுவோரும் உண்டு, கண்டிப்போரும் உண்டு. அவருடைய முந்தைய நோயாளிகளின் மரணங்களை எண்ணும்போது, நான் இன்றளவும் எந்தப் பக்கம் நிற்பதென்று தீர்மானிக்க இயலாதவனாகவே இருக்கிறேன்.

அந்த 1948ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க நெஞ்சறுவை நிபுணரான ரீவ் பெட்ஸ் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார் என்பதைத் தமிழர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும். இந்தியாவில் நெஞ்சு சஸ்திர சிகிச்சைக்கென்று ஒரு தனித் துறை வேரூன்றியது அங்கேதான். அந்த வேரிலிருந்து எழுந்த மரம் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன்: ஸ்டான்லி ஜானும் அவருடைய சகாக்களும் 1983இல் ‘சர்க்குலேஷன்’ என்னும் பத்திரிகையிலே, விரலாலும் டப்ஸ் விரிப்பானாலும் மூடிய இருதயத்துக்குள் வால்வைத் திறக்கும் சிகிச்சையை வேலூரில் பெற்ற 3,724 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். நான் இளம் மருத்துவனாக, வேறொரு ஊரில், அத்தகைய சிகிச்சை ஒன்றில் விலாவெலும்புகளை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆசிரியர் ஒரு கையின் சுட்டுவிரலை மேலறை வழியாகவும், மறு கையில் பிடித்த விரிப்பானைக் கீழறையின் நுனி வழியாகவும் செலுத்தினார். விரல் வழியை அடைத்துக்கொண்டிருக்கும் சில விநாடிகளுக்குள் காரியம் முடிந்தாக வேண்டும். அந்த நேரத்தில் அவர் கண்களை மூடிக்கொண்டார். ஒட்டிக்கிடந்த இதழ் நெகிழ்ந்தபோது அவர் முகத்தில் தோன்றிய தெளிவைக் கண்டுதான், எதிரே நின்ற எங்களுக்குக் காரியம் பலித்தது என்று தெரிந்தது. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை; பார்த்தது முழுவதும் விரல்.

1953இல் ஜான் கிப்பன், இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாகச் சற்று நேரம் உழைக்கும் யந்திரத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்திக் காட்டிய பின், இருதயத்தை நிறுத்தித் திறந்து கண்ணாலே பார்த்து வேலை செய்யும் காலம் பிறந்தது. 1960 முதல், செப்பனிட முடியாத வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வைப் பொருத்துவதும் கைகூடிற்று. நம் நாட்டில், திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்திலே வலியத்தானும் அவருடைய பொறியியல் சகாக்களும், முந்தைய மாதிரிகள் சோதனையில் தோற்றும் மனம் தளராமல் உழைத்து உருவாக்கிய சித்ரா வால்வு, 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது, பிறகு டி.டி.கே. நிறுவனத்தாரால் தயாரிக்கப்பட்டு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருதயங்களிலே அது குடியேறியிருக்கிறது. இறக்குமதி வால்வை வாங்கச் சக்தியற்ற குடும்பங்களுக்கு அது செய்த உபகாரத்தை நான் நேரில் அறிவேன்.

ஆனால் உலோக வால்வு பொருத்திய பெண்ணின் பிற்கால வாழ்க்கையையும் நான் நேரில் அறிவேன். வால்வின் மேல் ரத்தம் உறைந்துவிடாதபடி, ரத்தத்தை இளக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் அவள் விழுங்க வேண்டும். அது கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் உறைந்து மூளைக்கு ஓடும். ஆகவே மாதந்தோறும் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரு வாரம் கீரை மிகுதியாகச் சாப்பிட்டால்கூட அந்தக் கணக்கு மாறிவிடும். கர்ப்பம் தரித்துவிட்டாலோ, அந்த மாத்திரை சிசுவுக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்துவதோ தாய்க்கு ஆகாது. இரவின் நிசப்தத்தில் தன் மார்புக்குள்ளே கடிகாரம் போல் வால்வு தட்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பதாக ஒரு பெண் என்னிடம் சொன்னாள். அவளுக்கு அப்போது வயது இருபத்தொன்று. சொந்த வால்வைக் காப்பாற்றிக் கொடுப்பதற்கும் புது வால்வைப் பொருத்துவதற்கும் உள்ள தூரம் இதுதான். வெளியே தெரியும் தழும்பின் நீளத்தைக் காட்டிலும் இந்தத் தூரமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சுருங்கிய வால்வைப் பொறுத்தவரை, அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு அழகிய வழியை ஜப்பானிய சஸ்திர வைத்தியர் கான்ஜி இனோவே 1982இல் செய்து காட்டினார். தொடையிடுக்கிலுள்ள ரத்தக் குழாயில் ஊசித் துளை ஒன்றிட்டு, அதன் வழியே ஒரு மெல்லிய குழாயை இருதயத்தின் வலப்புறத்துக்கு ஏற்றி, இரு மேலறைகளுக்கும் இடையேயுள்ள சுவரைத் துளைத்து இடப்புறத்துக்கு வந்து, நுனியிலுள்ள பலூனை வால்வின் வாயில் நிறுத்துகிறார்கள். அந்தப் பலூன் ஒரே சமயத்தில் உப்புவதன்று. முதலில் முன்பாதி உப்பிக் கீழறையில் பிடித்துக்கொள்கிறது, அடுத்துப் பின்பாதி உப்புகிறது, உடுக்கையின் வடிவம் பெற்று வால்வில் வகையாக மாட்டிக்கொண்ட பிறகே இடை உப்பி, ஒட்டிய இதழ்களைப் பிரிக்கிறது. சூட்டரின் விரலும் டப்ஸ் விரிப்பானும் செய்த வேலையை, மார்பில் ஒரு கீறலும் இல்லாமல், நோயாளி விழித்திருக்கும்போதே இது செய்துவிடுகிறது. பெங்களூரு ஜெயதேவா இருதய நிறுவனம் இந்தச் சிகிச்சையை உலகிலேயே மிக அதிகமாகச் செய்யும் இடங்களுள் ஒன்று. அதைப் பல ஆண்டுகள் இயக்குநராக இருந்து நடத்திய மஞ்சுநாத், நம் மைசூர் மருத்துவக் கல்லூரியின் மாணவர் என்பதில் இந்த ஊர் பெருமை கொள்வது நியாயமே. பணத்தை முதலில் கேட்காமல் சிகிச்சையை முதலில் தொடங்குவது என்ற முறையை ஒரு பெரிய ஸ்தாபனத்தில் நடத்திக் காட்ட முடியும் என்பதையும் அவர் நிரூபித்தார். அந்த நிறுவனத்தின் மைசூர்க் கிளை கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனை வளாகத்தில் சிறிதாகத் தொடங்கி, 2018இல் கே.ஆர்.எஸ். சாலையில் தனிக் கட்டடம் பெற்றது. காற்றும் வெயிலுமே பெரும்பகுதி மருந்தாக இருந்த காலத்தில் காசநோயாளிகளுக்கென்று, இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியின் பெயரால் அரசர் குடும்பம் எழுப்பிய ஆரோக்கியசாலையும் அந்தச் சாலையிலேதான் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம், ஒரே சாலையில் இரண்டு தலைமுறைகளின் பெரிய நோய்கள் இரண்டுக்கும் கதவு திறந்திருப்பதை நான் நின்று பார்ப்பதுண்டு.

பலூனுக்கும் எல்லை உண்டு. இதழ்கள் சுண்ணாம்பேறிக் கல்லாகிவிட்டாலோ, ரத்தம் கசியும் வால்வாக இருந்தாலோ பலூன் உதவாது. கசியும் கதவை மேலும் விரித்து என்ன பயன்? கசிவுக்குத் தையல் வேலையே தேவை. அதைக் கலையாகவும் சாஸ்திரமாகவும் ஆக்கியவர் பாரிஸ் நகரத்து அலேன் கார்ப்பென்ட்டியே. வால்வை எடுத்தெறியாமல், தொய்ந்த இதழில் ஒரு பகுதியைக் கத்தரித்துச் சேர்த்து, அறுந்த நாணுக்கு மாற்று நாண் கட்டி, விரிந்துபோன வாயைச் சுற்றி ஒரு வளையம் தைத்து, இரண்டு இதழ்களும் மறுபடி ஒன்றோடொன்று நன்றாகப் படியும்படி செய்ய முடியும் என்று அவர் காட்டினார். இதைச் செய்யப் பல்லாண்டுகள் மார்பெலும்பை நடுவே பிளந்துதான் ஆக வேண்டியிருந்தது. அந்த எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது, குழந்தையை இடுப்பில் வைக்கக் கூடாது. நாங்கள் இதைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். குழாயடியில் அவளுக்குப் பதிலாக வரிசையில் நிற்பவர் யார் என்று எழுதிக் கொடுப்பதில்லை.

அதே கார்ப்பென்ட்டியேதான் 1998 மே மாதத்தில், ரோபாட்டின் துணையோடு மைட்ரல் வால்வை முதன்முதலாகச் செப்பனிட்டார். இரண்டாண்டுகள் கழித்து அமெரிக்காவில் ராண்டால்ஃப் சிட்வுட் அதைப் பின்பற்றினார். 2002இல் அந்நாட்டு அரசாங்கம் வால்வு சிகிச்சைக்கு அந்த யந்திரத்தை அங்கீகரித்தது. அதற்கு லியொனார்டோ டா வின்சியின் பெயரை இட்டிருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எருதின் இருதயத்தை அறுத்துப் பார்த்து, வால்வின் இதழ்களையும் அவற்றின் பின்னே ரத்தம் சுழல்வதையும் சித்திரித்து வைத்த அந்த மேதைக்கு அது தகுந்த மரியாதை.

ரோபாட் என்றவுடன், தானாகவே அறுத்துத் தானாகவே தைக்கும் இரும்பு வைத்தியர் ஒருவரை நம் மக்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள். அது பிழை. அந்த யந்திரம் தானாக ஒரு நூலிழை தூரமும் அசைவதில்லை. நோயாளியின் வலப்புற விலாவெலும்புகளுக்கிடையே சுண்டுவிரல் நுழையும் அளவான சில துளைகளும், இரண்டு மூன்று அங்குலத்துக்குட்பட்ட ஒரு கீறலும் இடப்படுகின்றன. வல நுரையீரல் சற்று நேரம் காற்றின்றிச் சுருங்க வைக்கப்படுகிறது. தொடையிடுக்கின் ரத்தக் குழாய்களின் வழியே இருதய-நுரையீரல் யந்திரம் இணைக்கப்படுகிறது. இருதயம் நிறுத்தப்பட்டு மேலறை திறக்கப்படுகிறது. சில அடி தூரத்தில், தனி மேசை ஒன்றில் குனிந்து அமர்ந்திருக்கும் சஸ்திர வைத்தியர், பத்து மடங்கு பெரிதாகி ஆழம் தெரியத் தோன்றும் வால்வைக் கண்டுகொண்டு தம் விரல்களை அசைக்கிறார். அந்த அசைவைக் கணிப்பொறி வாங்கி, கை நடுக்கத்தை வடிகட்டி, பெரிய அசைவைச் சிறிய அசைவாகக் குறைத்து, மனித மணிக்கட்டைக் காட்டிலும் மிகுதியாகத் திரும்பவல்ல சின்னஞ்சிறு கருவிகளுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் கீழறையை உப்புநீரால் நிரப்பிப் பார்க்கிறார்கள். இதழ்கள் பாய்போல் எழும்பி, விளிம்போடு விளிம்பு பொருந்தி, ஒரு சொட்டும் மேலே வராமல் நின்றுவிட்டால், அந்த அறையிலுள்ள அத்தனை பேரும் மூச்சு விடுகிறார்கள்.

இங்கேதான் விரலின் கதைக்கு நான் திரும்பி வர வேண்டியிருக்கிறது. கண் மூடிய ஆசிரியரின் விரல் எல்லாவற்றையும் பார்த்தது என்று சொன்னேன் அல்லவா? இந்த மேசையில் அமர்ந்தவருடைய நிலை அதற்கு நேர் மாறானது: பத்து மடங்கு பார்க்கிறது கண், ஒன்றும் உணர்வதில்லை விரல். நூலை எவ்வளவு இழுத்தால் இதழ் கிழியும் என்பதைத் தொட்டு அறிய வழியில்லாமல், இழுக்கும்போது திசு எவ்வளவு வெளுக்கிறது, எவ்வளவு வளைகிறது என்று பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது. நம் ஊரில் தோதகத்தி மரத்திலே வேற்று மரத் துண்டுகளைப் பதித்துச் சித்திரம் செய்யும் தொழிலாளரிடம், இணைப்பு சரியாக அமைந்ததை எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். கண்ணை நம்ப மாட்டோம், நகத்தை ஓட்டிப் பார்ப்போம் என்றார் அவர். அந்த நகத்தை இழந்துவிட்டு, கண்ணுக்கே தொடக் கற்றுக்கொடுப்பதுதான் ரோபாட் சிகிச்சைக்கு வேண்டிய நீண்ட பயிற்சி. 2024இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற புதிய மாதிரி, இழுவிசையைக் கைக்கு ஓரளவு உணர்த்த முயல்கிறது என்பதைக் கேட்டபோது, சூட்டரின் விரல் நூறு ஆண்டுப் பயணத்துக்குப் பிறகு வீடு திரும்புவதாக எனக்குத் தோன்றியது.

இந்த வழிக்குரிய குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடு மார்பைப் பிளந்து செய்வதைவிட இதில் இருதயம் நிறுத்தப்பட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் நீள்கிறது. ரத்தக் குழாய்களில் கொழுப்பேறிய முதியவர்களுக்குத் தொடை வழியாக ரத்தத்தைச் செலுத்துவது மூளைக்கு அபாயமாகலாம். அடிக்கடி செய்யும் குழுவின் கையில் இது சிறப்பாக அமைகிறது; அபூர்வமாகச் செய்யும் குழுவின் கையில் அப்படியன்று. செலவோ, யந்திரத்தின் விலையோடு தீர்வதில்லை. சில தடவைகள் பயன்படுத்தியபின் மாற்றியாக வேண்டிய கருவிகளின் விலையும் ஒவ்வொரு நோயாளியின் தலைமேலும் ஏறுகிறது. டில்லி எஸ்கார்ட்ஸ் மருத்துவமனையில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரோபாட் இருதய சிகிச்சை தொடங்கியும், இருபதாண்டுகளாக அது நாடெங்கும் பரவாததற்குச் செலவே முதற்காரணம் என்று கருதுகிறேன். ஆகையால், சுதிர் ஸ்ரீவத்ஸவா என்னும் இருதய சஸ்திர நிபுணர் குருகிராமத்தில் ‘மந்த்ரா’ என்ற பெயரில் உள்நாட்டிலேயே ரோபாட்டை உருவாக்கியிருப்பதும், 2025 ஜனவரியில் குருகிராமத்தில் அமர்ந்தபடியே 286 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஜெய்ப்பூர் நோயாளி ஒருவரின் இருதய சிகிச்சையில் அதை இயக்கிக் காட்டியதும் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகின்றன. தூரத்திலிருந்து இயக்குவதைவிட, விலை குறைவதையே நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

வீட்டிலொருவருக்கு வால்வு கெட்டுவிட்டால், ‘ரோபாட் வைத்துச் செய்துவிடலாமா டாக்டர்?’ என்று இப்போது கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, வால்வு சுருங்கியிருக்கிறதா, கசிகிறதா என்பதையே. ருமாட்டிக் நோயால் சுருங்கி, இதழ்கள் இன்னும் இளக்கமாக இருந்தால் பலூனே போதும். துளையின் சிறுமைதான் பெருமையென்றால் அதைவிடச் சிறிய துளை வேறில்லை. எக்கோ படத்தில் இதழின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்பு, நாண்களின் நிலை ஆகிய நான்குக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை எட்டுக்குள் இருந்தால் பலூன் நன்கு பலிக்கும் என்று எதிர்பார்க்கிறோம். வயது முதிர்ச்சியாலோ பிறவித் தளர்ச்சியாலோ நாண் அறுந்து கசியும் வால்வானால், அதுவே ரோபாட்டுக்கு உகந்த இடம். அங்கேயும், யந்திரம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், அந்த வைத்தியர் எத்தனை வால்வுகளை மாற்றாமல் செப்பனிட்டிருக்கிறார் என்று கேளுங்கள். மார்பைப் பிளந்து செப்பனிடத் தெரிந்தவர், சிறு துளை வழியே உலோக வால்வைப் பொருத்துபவரைவிட உங்கள் மகளுக்கு அதிக நன்மை செய்பவர். ருமாட்டிக் நோய் தின்று தடித்த வால்வைச் செப்பனிடுவது இரண்டு வழியிலும் கடினமே. அதற்குத் துணிந்த கைகள் நம் நாட்டில் உண்டு; இன்னும் பல வேண்டும்.

இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களும், இங்கே அமர்ந்திருக்கும் செல்வர்கள் சிலரும், மைசூருக்கு ஒரு ரோபாட் வாங்கக் கொடை திரட்டலாமா என்று என்னிடம் கேட்டார்கள். திரட்டுங்கள், அதை இயக்கப் போகிறவரின் பயிற்சிக்கும் சேர்த்துத் திரட்டுங்கள். அதோடு என் மேசை இழுப்பறையிலுள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தையும் உங்களுக்குக் காட்ட அனுமதியுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் ஒரு முறை வந்துபோன பிள்ளைக்கு அது மறுபடி வராமல் தடுக்க, 12 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆண்டுக்கணக்கில் போட வேண்டும். விலை சொற்பம், வலி அதிகம். அந்த நோட்டில், வீட்டில் ஊதுபத்தி உருட்டிப் பிழைக்கும் ஒரு தாயின் மகளுடைய பெயருக்கு நேரே, அவளுடைய ஒன்பதாவது வயது தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள், இருபத்தொரு நாளைக்கு ஒன்றாக, இருநூறுக்கு மேற்பட்ட தேதிகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன; நடுவே இரண்டே இரண்டு விடுபட்டிருக்கின்றன. வால்வில் விழுந்த சிறு வடு அதற்குமேல் வளரவில்லை. கடைசித் தேதியின் அருகே ஒரு கடிதத்தின் நகல் ஒட்டியிருக்கிறது: அவள் மணமாகிக் கொள்ளேகாலுக்குப் போகிறாள், அடுத்த ஊசி இன்ன தேதியில் போட வேண்டும் என்று, அந்த ஊர் மருத்துவருக்கு நான் எழுதியது.